எங்கை நிக்கிறியள்?

1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. போகும் வழியில் அது காங்கேசன்துறையில் இறங்கி ஏறியது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1905 முதல், கொழும்பு றெயில் மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று நின்று நின்று வந்து காங்கேசன்துறைக் கடற்கரையில் முடிந்துகொண்டிருந்தது. 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலையும் ஓடத் தொடங்கியது. விமானம், றெயில், துறைமுகம், ஆலை எல்லாம் ஒரு சில மைல் வட்டத்துக்குள். வேறு எந்த ஊராக இருந்தாலும் சந்திக்கு ஒரு ஹொட்டேல் முளைத்திருக்கும். தெல்லிப்பழையில் முளைக்கவில்லை.

காங்கேசன்துறைக் கடலோரத்தில் அரசாங்க றெஸ்ற் ஹவுஸ் ஒன்று இருந்தது. சுற்றுப்பயணம் வரும் உத்தியோகத்தரும் கொம்பனிக்காரரும் வெள்ளைக்காரரும் அதில் தங்கினார்கள். ஊர்ச்சனம் அந்தப் பக்கமாகக் கடல் பார்க்கப் போகும். உள்ளே போய் அறை கேட்கும் தேவை எவருக்கும் வந்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காசு கொடுத்துத் தங்கினார் என்றால் அது அவரைத் தெரிந்த வீட்டுக்காரருக்கு அவமானம். அதனால் வரும் கோபம் இரண்டு தலைமுறைக்குக்கூட நீளும்.

எழுபதுகளில் தெல்லிப்பழை வீமன்காமத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. தீவுப்பகுதியில் இருந்து கீரிமலைக்கு அந்தியேட்டிக்கு வருபவர்கள், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் தேருக்கு வருபவர்கள், யூனியன் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வருபவர்கள், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு யாழ்தேவியில் வந்து இறங்குபவர்கள். படலையில் சத்தம் கேட்டதும் அம்மம்மா அரிசிப் பானைக்குள் இன்னொரு சுண்டு போடுவா. கிணற்றடியில் துலா கிரீச்சிடும். முகம் கழுவச் செம்பில் தண்ணீர், பிறகு தேத்தண்ணி, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. ஆம்பிளைகளுக்கு விறாந்தையில் பாய். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ளறை. வந்தவர் கொஞ்சம் மதிப்பானவர் என்றால் சுவரோடு சாத்தி வைத்திருந்த காம்ப் கட்டிலை விரித்து, வெளுத்த உறை போட்ட தலையணை வைப்பார்கள். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்பது வழக்கத்தில் இல்லை.

இதை நினைத்து உருகுவது எனக்குப் பழகிப்போன ஒன்றுதான். ஆனால் அந்த விருந்தோம்பலின் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். புதிதாகக் கலியாணம் செய்து வந்த சோடிக்கு ஒரு தனியறை கிடைக்காது. கக்கூஸ் வளவின் கோடியில். இரவில் அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுகமில்லாமல் வந்த பெரியவர்கள் பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன். வந்திருப்பவருக்காக வெள்ளெனவே எழும்பி, எல்லோரும் உண்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டவர்கள் வீட்டுப் பெண்கள். ஒரு மாதத்தில் எத்தனை பேருக்குப் பிட்டு அவித்தேன் என்று அம்மா ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இதைவிடப் பெரிய விசயம் இன்னொன்று. படலை எல்லோருக்கும் திறக்கவில்லை. வந்தவர் ஆற்றை மகன், எந்தப் பகுதி என்று தெரிந்த பிறகுதான் விறாந்தையா முற்றமா என்பது தீர்மானமாகும். முற்றத்தில் நின்றே பேசிவிட்டு, சிரட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். தேநீர்க் கடையிலும் அதே கதை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் நாள்கணக்கில் இருந்தபோது, உள்ளே விடமாட்டோம் என்று மறித்து நின்றவர்களின் முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். நாட்டின் முதலாவது மந்திரிசபையில் இருந்தவர். எங்கள் விருந்தோம்பலைப் பற்றி எழுதும் எவரும் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடக்கூடாது.

வீடுகளுக்கு வெளியே மடங்கள் இருந்தன. பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வண்டி அதற்குள்ளால் போகும், நடந்து வந்தவர் இரு பக்கத் திண்ணையிலும் சாய்வார். சுமைதாங்கி, கேணி, மாடுகள் உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், மழைக்கு ஒதுங்கக் கூரை வேய்ந்த சங்கடப்படலை என்று வழிப்போக்கரை நினைத்துச் செய்தவை குடாநாடெங்கும் இருந்தன. கீரிமலையில் கேணியைச் சுற்றியே மடங்கள். ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரத்தான் தீர்த்தமாட வரும் நாளில், பிதிர்க்கடன் செய்ய வந்த சனத்தால் சிறாப்பர் மடம் உட்பட எல்லா மடங்களும் நிறைந்திருக்கும். கட்டியவரின் பிள்ளைகளே அவற்றைப் பார்த்துக்கொள்வார்கள். அரிசியும் காய்கறியும் ஊர் கொடுக்கும்.

1990 ஜூனில் போரோடு இதெல்லாம் ஒரேயடியாக முடிந்தது. எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு தெற்கே ஓடியது. கீரிமலை நகுலேஸ்வரம் குண்டுவீச்சில் சிதைந்தது. சீமெந்து ஆலை நின்றது, யாழ்தேவி நின்றது. இத்தனை காலமும் ஊருக்கு வந்தவரையெல்லாம் தங்கவைத்த சனம் இப்போது தங்க இடம் தேடியது. பள்ளிக்கூடங்களில், கோயில் மண்டபங்களில், உறவுக்காரரின் விறாந்தைகளில், பிறகு மல்லாகம் கோணாப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளையிலும் அமைத்த முகாம்களில். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கேயே கலியாணமும் நடந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. யாழ்ப்பாண நகரத்திலோ சுபாஸ், ஞானம்ஸ் போன்ற ஹொட்டேல்கள் இராணுவத்தின் கைக்குப் போய், போர் முடிந்த பிறகே உரிமையாளரிடம் திரும்பின.

இராணுவம் மறித்துவைத்த பகுதியின் எல்லைக்கோட்டு ஓரத்தில் அசையாமல் இருந்தது தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில். சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் கோயில் வருமானத்தை ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் இல்லமாக்கியவர். 2008 இல் கண்மூடும் வரை அவர் அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார். ஊரில் வேறொருவர் பிள்ளைக்குப் பாய் விரிக்கும் வழக்கம் அறுந்துபோகாமல் காத்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வழியெல்லாம் திறந்திருக்கிறது. 2015 ஜனவரியில் றெயில் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது; சென்னை விமானம் இடையில் நின்று 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல். யாழ்ப்பாண நகரத்தில் 2016 இல் ஜெட்விங் மாடி மாடியாக எழுந்தது. எங்கள் பக்கத்திலும் கெஸ்ற் ஹவுஸ் பலகைகள் காங்கேசன்துறை வீதி நெடுகத் தொங்குகின்றன. காங்கேசன்துறைக் கடலோரத்தில் ‘தல்செவன’ என்ற விடுதியை இராணுவமே நடத்துகிறது. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே கடலைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கரையின் சொந்தக்காரர் கோணாப்புலத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தார்கள். கீரிமலையில் எழுப்பிய ஜனாதிபதி மாளிகையின் கதையும் அதுதான். ஆதிச் சிவன் கோயிலும் சடையம்மா மடமும் இருந்த இடத்தைத் தேடி 2023 இல் போனவர்கள், அவை இருந்த தடமே இல்லை என்று சொன்னார்கள். வழிப்போக்கருக்காகக் கட்டிய மடம் போய், யாரும் தங்காத மாளிகை நிற்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

இந்த முறை ஊருக்குப் போனபோது நான் தங்கியது இவற்றில் எதிலும் இல்லை. வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம், வெளிநாட்டுக் காசில் கட்டிய இரண்டு மாடி. முன்னுக்கு இருந்த பெடியன் கிளிநொச்சி ஆள். ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் ரொறன்ரோ வீட்டிலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டைக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை. எங்கள் வளவு அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது; கிணறும் ஒரு பக்கச் சுவரும் மட்டும் மிஞ்சிய வளவு. அதைப் பெடியனிடம் சொல்லி என்ன பயன்? விலையை அவனா வைத்தான்?

தங்கியதைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். விரிப்பு சுத்தம். மெத்தை முதுகுக்கு இதம். ஏசி நன்றாக வேலை செய்தது. அறைக்குள்ளேயே கக்கூஸ், கைபிடிக்கக் கம்பி, வழுக்காத தரை. அறுபது தாண்டிய எனக்கு இது சின்ன விசயம் இல்லை. நான் யார், எந்தப் பகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருந்தவரையும் கேட்கவில்லை. அன்று முற்றத்தோடு திரும்பியவரின் பேரன் இன்று இதே கட்டிலில் படுக்கலாம், அதே மேசையில் சாப்பிடலாம். இந்த ஒன்றுக்காகவே இந்த அறைகள் வந்தது நல்லது.

குறைகளும் உண்டு. ஏசிக்காக யன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். கரண்ட் போனால் மூச்சு முட்டும். கீழ்மண்டபத்தில் பிறந்தநாள் விழா, ஸ்பீக்கர் நடுச்சாமம் கடந்தும் அடங்கவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் நல்ல ருசி. ஆனால் மத்தியானமும் இரவும் ஃபிரைட் ரைஸ், டெவில்ட் சிக்கன் தவிர வேறில்லை. ஒடியற்கூழ் கேட்டதற்குச் சமையற்காரர் சிரித்தார். அவர் மலையகத்திலிருந்து வந்தவர், பாவம். குடிக்க பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீர். சுண்ணாம்புக்கல் வடித்துத் தரும் கிணற்றுநீரில் வளர்ந்த ஊர் இது. சுன்னாகத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த பிறகு வந்த பயம் தெல்லிப்பழையிலும் இன்னும் நீங்கவில்லை. ஆகவே போத்தலைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அறை வாடகை யாருக்குக் கட்டும் என்பது இன்னொன்று. தெல்லிப்பழை வைத்தியசாலையில் 2013 இல் திறந்த புற்றுநோய்ப் பிரிவுக்கு வடக்கு முழுவதிலும் இருந்து நோயாளர் வருகிறார்கள். அந்தப் பிரிவுக்கான பணம் 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் சேர்ந்தது. முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டி வந்தால், சிகிச்சை முடியுமட்டும் அவள் எங்கே படுப்பாள்? கெஸ்ற் ஹவுஸ் பலகைகள் அவளுக்காகத் தொங்கவில்லை. கீரிமலையில் அந்தக் காலத்தில் கட்டியது போல ஒரு மடத்தை இன்று கட்ட வேண்டிய இடம் இந்த வைத்தியசாலை வாசல்தான். வெளிநாட்டில் இருந்து கோபுரத்துக்குக் காசு அனுப்பும் நாங்கள் ஒரு வருடம் இதற்கு அனுப்பினால் போதும்.

சில வருடங்களுக்கு முன் மகளோடு வியட்நாம் போயிருந்தேன். ஹொய் அன் நகரத்தில் ஹொட்டேலை விட்டு ஒரு வீட்டில் தங்கினோம். முன்னறையில் முன்னோரின் படத்துக்கு ஊதுபத்தி. அதைத் தாண்டித்தான் எங்கள் அறைக்குப் போக வேண்டும். காலையில் வீட்டுக்காரி தங்களுக்குச் செய்த சூப்பையே எங்களுக்கும் வைத்தாள். அங்கிருந்து மி சன் போனோம். சம்பா அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கற்கோயில்கள். 1969 இல் அமெரிக்கக் குண்டில் பல சிதைந்தன. நகுலேஸ்வரத்தை நினைத்துக்கொண்டு அந்தக் குண்டுக் குழிகளின் ஓரத்தில் நின்றேன். ஆனால் என் மனதில் அதிகம் நின்றது அந்த வீடுதான். வாடகை வாங்கினாலும் அங்கே வீட்டுக்காரி வீட்டுக்காரியாகவே இருந்தாள். ஊரில் நான் தங்கிய மாடியின் உரிமையாளர் லண்டனில் இருக்கிறார்.

பெரியம்மாவின் மகள் அக்கா மீளக்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறு வீட்டில் இருக்கிறா. நான் வந்தது அவவுக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது.

“என்னடா தம்பி, ஒரு சொல்லுச் சொல்லாமல் ஹொட்டேலிலை போய் நிக்கிறாய்? சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“அக்கா, எனக்கு இரவிலை நாலு தரம் எழும்ப வேணும். உங்கடை கக்கூஸ் வெளியிலை. முழங்காலும் ஏலாது.”

அவ ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் ரிபன் கரியரில் பிட்டும் நண்டுக்கறியும் கொண்டு ஹொட்டேலுக்கே வந்துவிட்டா. வெளிச்சாப்பாடு கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. பெடியன் அதை ஒருமுறை பார்த்தான், எங்களை ஒருமுறை பார்த்தான், பிறகு குசினிக்குள் போய் மூன்று கோப்பை எடுத்து வந்தான். அவனும் எங்களோடு இருந்து சாப்பிட்டான்.

சாப்பாடு முடிந்த பிறகு அக்கா அறையைப் பார்க்க வேண்டும் என்றா. மேலே கூட்டிப் போனேன். கட்டிலை அழுத்திப் பார்த்தா. குளியலறையில் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து மூடினா. கைபிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தா.

“இஞ்சை இரவுக்கு எவ்வளவு எடுக்கினம்?”

சொன்னேன். அவ வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டா.

“கிணத்தடிப் பக்கம் ஒரு அறை இறக்கினால், உள்ளுக்கையே கக்கூசும் வைச்சு... வாற சனம் நிக்குமோடா? நான் என்ன கேக்கலாம்?”

ஹொய் அன் வீட்டைப் பற்றிச் சொன்னேன். இதில் பாதி விலை கேளுங்கோ என்றேன். யன்னலை மூடாதேங்கோ, நுளம்பு வலை போடுங்கோ. தரைக்கு வழுக்காத மாபிள். கிணற்றுத் தண்ணியை ஒருக்காப் பரிசோதிச்சு, அந்தக் காகிதத்தை அறையிலை ஒட்டிவிடுங்கோ. இரவுச் சாப்பாட்டுக்கு ஃபிரைட் ரைஸ் வேண்டாம், பிட்டுப் போதும். ஆஸ்பத்திரிக்கு வாற ஆக்களிட்டை காசு வாங்காதேங்கோ, அதை நான் அனுப்புறன்.

“ஆற்றை ஆக்கள் எண்டு கேளாமல் விடுறதோ?” என்றா.

“கேளாமல் விடுங்கோ, அக்கா.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, அறை எத்தனை அடி நீளம் என்று அளக்கத் தொடங்கினா.