சேற்றில் உறங்கிய நஞ்சு

யப்பான் தேசத்தின் கியூசுத் தீவிலே, சிரனுயிக் கடலோரத்தில் மினமாட்டா என்றொரு சிறு பட்டினம் உண்டு. அங்குள்ள மீனவர் குடில்களில் வளர்ந்த பூனைகள் திடீரெனப் பித்துப் பிடித்தவை போலச் சுழன்றாடி மாண்டன. பூனைகள் ஒழியவே எலிகள் பெருகின. தொல்லை பொறுக்கமாட்டாத ஊரவர் நகரசபையிடம் முறையிட்டனர் என்று 1954ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தியொன்று கூறுகின்றது. படித்தவர்கள் அன்று நகைத்திருக்கவுங் கூடும்.

1956 ஏப்பிரிலில், நடையும் பேச்சும் தடுமாறிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். அடுத்து அவளுடைய தங்கையும் அதே நோய்க்கு ஆளானாள்.

காரணம் குடாவின் அடியிற் கிடந்தது. சிசோ என்னும் கம்பனியின் இரசாயனத் தொழிற்சாலை, 1932 முதற்கொண்டு பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டுவந்தது. விறகு மக்கும், எண்ணெயும் காலத்தாற் சிதையும். உலோகமோ அழியாது. அது மென்சேற்றைப் பற்றிக்கொண்டு அடியிற் படிந்துவிடும். 1959இல் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் கழிவுவாய்க்காலின் முகத்துவாரத்தில் எடுத்த சேற்றில், தொன்னுக்கு ஏறக்குறைய 2 கிலோகிராம் பாதரசம் இருந்தது! மேலே நீர் தெளிந்தே தோன்றியிருக்கும். ஆனால் மெதையில் பாதரசம் என்னும் கொடிய வடிவில் அந்நஞ்சு சிப்பிக்கும் மீனுக்கும் ஏறி, அங்கிருந்து மனிதரின் உணவுக்கலத்துக்கும் வந்து சேர்ந்தது.

தாய்மார் கதையே நெஞ்சை உருக்குவது. கருவிலிருக்கும் சிசுவை நஞ்சு தீண்டாதவாறு நச்சுக்கொடி காத்துவிடும் என்றே வைத்தியர்கள் அக்காலத்தில் நம்பியிருந்தனர். மினமாட்டாவிலோ, நோயின் குறி அதிகம் தோன்றாத அன்னையர் கைகால் முடங்கிய குழந்தைகளை ஈன்றனர். தாயின் உடலிற் சேர்ந்த நஞ்சு சேய்க்குச் சென்றிருந்தது. பிள்ளையின் தொப்புட்கொடியை உலர்த்திச் சிறு பேழையில் வைத்துப் போற்றுவது யப்பானியர் வழக்கம். பிற்காலத்தில் விஞ்ஞானிகள் அக்கொடிகளை வாங்கிச் சோதித்து, எந்த ஆண்டிற் பிறந்த குழந்தையை எவ்வளவு நஞ்சு தீண்டியதென்று கண்டனர். குடாவின் சேற்றைப் போலவே தாயின் பேழையும் கணக்கு வைத்திருந்தது.

பாதரசத்தைக் கொண்டு நடைபெற்ற அந்த உற்பத்தி 1968இல் நின்றது. சேறு மட்டும் போகவில்லை. நச்சு மீன் வெளியேறாதபடி 1974இற் குடாவின் வாயிலே வலை கட்டினர். 1997இலேதான் அதனை அகற்றினர். 1977 முதல் 1990 வரை, 4,850 கோடி யென் செலவில், ஏறக்குறைய 15 இலட்சம் கன மீற்றர் சேற்றில் ஒரு பகுதியைத் தோண்டியெடுத்தும் மறுபகுதியை இருந்தவிடத்திலேயே மூடியும் புதைத்தனர். அதனால் 58 ஹெக்டயர் புதுநிலம் உண்டாயிற்று. சுத்திசெய்தார்கள் என்கிறோம், உண்மையில் நஞ்சை இடம் மாற்றி மண்ணால் மூடினார்கள், அவ்வளவே. நிலநடுக்கம் மலிந்த நாடாகையால், அதனைச் சூழ்ந்துள்ள உருக்குத் தடுப்புகள் எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை அவ்வூராரிடம் இன்றும் உண்டு.

அந்நிலத்தில் இப்பொழுது பூங்காவொன்று இருக்கின்றது. அதன் கடலோரத்தில், நோயுற்றோரும் அவர்தம் உறவினரும் தங்கள் கையாற் செதுக்கிய சிறு கற்சிலைகள் நிற்கின்றன.