பழந்துப்பாக்கியும் புதுக்கட்டையும்

1954 மார்ச் 31 அன்று, எதுவார் குபேர் தலைமையில் இந்திய இணைப்பை வேண்டியோர் நெட்டப்பாக்கத்தைக் கைப்பற்றி மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள் என்பது புதுவைச் சரித்திரத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவ்வூரைச் சூழ்ந்திருந்த இந்தியாவில், அக்காலத்துப் படைவீரன் தோளில் விளங்கியது .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, பிரெஞ்சுப் படையின் பழம்பெருமைக்கு உரியதோ 1886-ஆம் ஆண்டின் லெபெல். பகைமைக்கும் நட்புக்கும் அப்பாற்பட்டு இவ்விரண்டுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு: மரக்கட்டை, முன்கட்டை பின்கட்டை என இரு துண்டுகளாக அமைந்திருப்பதே அது.

காலத்தால் மரம் உலர்ந்து பிளந்தோ, எண்ணெய் ஊறி நைந்தோ போனால் புதுக்கட்டை பொருத்த வேண்டியதாகிறது. பார்ப்பதற்கு அது சாதாரணத் தச்சுவேலையாகத் தோன்றினும், லீ-என்ஃபீல்டில் சுடும் வேளையில் பின்னோக்கிப் பாயும் விசையை முன்கட்டையில் தாங்குவது அதன் பின்முனையில் உள்ள இரு சிறு தாங்குமுகங்களேயாதலால், அவை இரும்போடு இடைவெளியின்றி ஒரே சமயத்தில் படிய வேண்டும். அங்கே மயிரிழை தளர்ந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்தை அறைந்து, இழையோட்டத்தின் வழியே பிளந்துவிடும், குறியும் தவறும். மரம் மென்மையாயிருந்த காரணத்தால் ஆஸ்திரேலியர் தங்கள் லித்கோ தொழிற்சாலையில் அவ்விடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். வங்காளத்து ஈசாப்பூரில் செய்த பல துப்பாக்கிகளிலோ கட்டையின் குறுக்கே ஒரு திருகு பாய்ச்சப்பட்டது.

ஆகவே வினைஞன் நன்கு உலர்ந்த அக்ரூட் மரத்தைத் தேர்ந்து, இரும்பின்மேல் விளக்குக்கரியும் எண்ணெயும் கலந்து பூசி, கட்டையில் வைத்து எடுத்து, கறுப்பு ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டி, மீண்டும் வைத்துப் பார்க்கிறான். அவசரத்தில் அதிகமாகச் சீவிய மரத்தைத் திரும்ப வளர்க்க இயலாதாகையால், இத்தொழிலின் முதற்கருவி பொறுமையே. பின்கட்டையைக் கழற்றுவதிலும் ஒரு விதி உண்டு: அதனூடே செல்லும் நீண்ட போல்ட்டின் சதுரமுனை, பழைய லீ-என்ஃபீல்டில் முன்கட்டைக்குள் புதைந்திருப்பதால், முதலில் முன்கட்டையை விலக்காமல் போல்ட்டைத் திருகினால் அக்கட்டை பிளந்துபோகும். யாவும் பொருந்தியபின், ஆளிவிதை எண்ணெயைப் பல நாட்கள் சிறிது சிறிதாகத் தேய்த்து ஊட்டினால் மரம் ஈரத்தை எதிர்த்து நிற்கும்.

1959-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை உடைமையாகக் கொள்வதற்கு மட்டுமன்றி, பிறருக்காகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் இதில் கைவைக்கலாகாது. அதனினும் மேலாக நான் அன்போடு வேண்டுவது ஒன்று: பழைய கட்டையில் உள்ள முத்திரைகளும் தழும்புகளும் எழுதப்படாத சரித்திரமாதலால், காக்க முடிந்தவரை அதையே காக்க வேண்டும், புதியதைப் பொருத்த நேர்ந்தாலும், கழற்றிய மரத்தை விறகாக்காமல் துப்பாக்கியோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.