என்கிளெக்ஸ் செவிலியர் உரிமத் தேர்வு

என்கிளெக்ஸ் என்பது அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய உரிமம் பெறுவதற்கான தேர்வு ஆகும். மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு இதனை நடத்துகிறது. 1994 முதல் இது கணினி வழித் தேர்வாக உள்ளது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015-இல் இதனை ஏற்றுக்கொண்டன. இந்தியச் செவிலியர் பலரும் இதை எழுதுகின்றனர். சென்னையிலும் தேர்வு மையம் உண்டு. இக்கட்டுரை பதிவுபெற்ற செவிலியருக்கான ஆர்.என். தேர்வைப் பற்றியது.

வினாக்களின் இயல்பு

பாடநூலில் படித்ததை அப்படியே ஒப்பிப்பதற்கு இத்தேர்வில் இடம் குறைவு. நோயாளிகள் நால்வரின் நிலையைக் கூறி, முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது வழக்கமான வினா. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் வலி என்கிறார் ஒருவர். மற்றொருவருக்கு இரத்தச் சர்க்கரை 210. மூன்றாமவர் வீட்டுக்குச் செல்லக் காத்திருக்கிறார். நான்காமவருக்குத் தைராய்டு அகற்றப்பட்டுச் சில மணி நேரமே ஆகிறது. மூச்சை இழுக்கும்போது புதிதாக ஓர் ஒலி கேட்கிறது. நால்வருக்கும் செய்ய வேண்டியவை உண்டு. ஆனால் நான்காமவரின் மூச்சுவழி அடைபட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை உணர்பவரே சரியான விடையைத் தருவார். வலி என்று வாய்விட்டுச் சொன்னவரிடம் ஓடுவது மனித இயல்பு; வினா அமைப்பவர்களுக்கும் அது தெரியும்.

'மருத்துவருக்குத் தெரிவிக்கவும்' என்ற விடை பலரையும் ஈர்க்கும். இரத்தம் ஏற்றப்படும் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் தோன்றினால், முதலில் இரத்தம் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். தெரிவிப்பது அதன் பிறகே. அந்த இடைவெளியில் உள்ளே செல்லும் ஒவ்வொரு துளியும் தீங்கைக் கூட்டும்.

2023 ஏப்ரலில் இத்தேர்வு மாற்றியமைக்கப்பட்டது. ஒரே நோயாளியின் குறிப்பேட்டை வைத்து ஆறு வினாக்கள் கேட்கப்படும். அறிகுறிகளைக் கண்டறிதல், அவற்றை ஆராய்தல், எது முதன்மையானது எனத் தீர்மானித்தல், தீர்வுகளை வகுத்தல், செயல்படுதல், பலனை மதிப்பிடுதல் என அவை படிப்படியாகச் செல்லும். பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் இப்போது பகுதி மதிப்பெண்ணும் உண்டு.

தேர்வு நிற்கும் இடம்

மாணவர்களை அதிகம் கலங்கச் செய்வது இதுதான். சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும்; தவறினால் எளிதாகும். ஆகவே நன்கு படித்தவருக்கும் ஏறத்தாழப் பாதி வினாக்கள் தவறலாம். முந்தைய வினாவுக்குத் திரும்ப முடியாது. குறைந்தது 85, மிகுதியாக 150 வினாக்கள். நேரம் 5 மணி. முதல் 85-இல் 15 வினாக்கள் சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பீடு இல்லை. ஆனால் அவை எவை என்று தேர்வருக்குத் தெரியாது.

தேர்வரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடும். 85-இல் நின்றால் தேர்ச்சி என்றோ, 86-ஆவது வினா வந்தால் தோல்வி என்றோ கொள்வது தவறு. கணினிக்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை என்பதே அதன் பொருள். அப்போது மனம் தளர்ந்து, எஞ்சிய வினாக்களுக்கு அவசரமாக ஏதோ ஒரு விடையைச் சொடுக்குபவர்கள், கையில் இருக்கும் வாய்ப்பைத் தாமே இழக்கின்றனர்.

முடிவில் மதிப்பெண் தரப்படுவதில்லை. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. தோல்வியுற்றவருக்கு ஒவ்வொரு பாடப்பகுதியிலும் அவர் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று காட்டும் அறிக்கை கிடைக்கும். பொதுவாக 45 நாட்களுக்குப் பின் மீண்டும் எழுதலாம்.