பணம் கட்டும் முன்: தாய் மசாஜ் வகுப்பா, ஸ்ட்ரெட்சிங் வகுப்பா?

அலிபிரிப் பாதையில் திருமலைக்கு 3,550 படிகள். ஏறி இறங்கியவர்களுக்கு மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். காலைப் பிடித்துவிட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கும். பக்கத்திலேயே புத்தூர். எலும்பு முறிந்தால் ‘புத்தூர் கட்டு’ போடச் சென்னையிலிருந்தே வண்டி பிடித்து வரும் பழக்கம் தலைமுறைகளாக உண்டு. கைப்பக்குவத்தை நம்பும் சீமை இது. அதனாலேயே “ஒரே வாரத்தில் தாய்லாந்து மசாஜ், சர்வதேசச் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம்” என்று கைபேசியில் விளம்பரம் வந்தால் இங்குள்ள பிள்ளைகள் நகையை அடகு வைத்தாவது சேர்ந்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அண்மைக்காலமாக ‘அசிஸ்டட் ஸ்ட்ரெட்சிங்’ (ஒருவர் உடம்பை இன்னொருவர் நீட்டிவிடுவது) என்ற வகுப்பும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது.

இரண்டில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்தவர் உடம்பில் நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடுவோம். தாய் மசாஜில் பொதுவாக எண்ணெய் கிடையாது. தளர்ந்த ஆடையோடு தரை மெத்தையில் படுக்க வைத்து, உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் என எல்லாவற்றாலும் அழுத்துவார்கள். பிறகு கைகால்களை வளைத்து நீட்டுவார்கள். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத் தங்கள் ஆசானாக வணங்கும் மரபு அது. பாங்காக்கின் வாட் போ கோயிலில் 1955-இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. 2019-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஸ்ட்ரெட்சிங் வேறு வழியில் வந்தது. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் காபட்டும் பிசியோதெரபிஸ்ட் மார்கரெட் நாட்டும் நரம்புப் பாதிப்பும் வாதமும் கண்ட நோயாளிகளுக்காக வகுத்த பயிற்சி முறை அதன் முக்கிய வேர்களில் ஒன்று. தசையைச் சில நொடிகள் எதிர்த்து இறுக்கச் சொல்லி, தளர்த்தி, பிறகு இன்னும் சற்று நீட்டுவது அதன் உத்தி. ஆஸ்பத்திரியில் பிறந்த இந்த உத்தி பின்னர் விளையாட்டு வீரர்களிடம் போய், அங்கிருந்து ஜிம்முக்கு வந்தது.

தாய் மசாஜிலேயே நீட்டலுக்கு முக்கிய இடம் உண்டு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள் என்று ஒரே நிறுவனம் சொன்னால், இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இன்னொரு கணக்கும் உதவும். வாட் போ பள்ளியின் அடிப்படைப் பாடமே 30 மணி நேரம். தாய்லாந்தில் ஸ்பாவில் வேலை பார்க்க அந்நாட்டு அரசு எதிர்பார்ப்பது 150 மணி நேரப் பயிற்சி. ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் உட்கார வைத்து ‘மாஸ்டர்’ பட்டம் தருகிறவர்களை இந்த எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான சோதனை, எப்போது கை வைக்கக் கூடாது என்பதை அவர்கள் எவ்வளவு நேரம் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான். திருப்பதியில் இது உயிர்ப் பிரச்சினை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டு வந்த ஒருவருக்குக் கெண்டைக்கால் வலிக்கிறது. படி ஏறிய வலியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் உள்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஆள் அங்கேயே இறந்துபோகலாம். அந்தக் காலைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

கழுத்தும் அப்படியே. ‘சொடக்கு’ எடுப்பதாகச் சட்டென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குறுகிய காலப் பயிற்சி பெற்ற எவரும் கழுத்தைத் திருகவே கூடாது என்பது என் கருத்து. தாய் மசாஜில் தொடை இடுக்கின் தமனியைச் சில நொடி அழுத்தி விடும் முறை ஒன்றும் உண்டு. இதய நோயாளிக்கும், காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவருக்கும் அது ஆபத்து. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர், எலும்பு தேய்ந்த முதியவர், பல வருடம் ஸ்டீராய்டு எடுத்தவர், கர்ப்பிணி, அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் இழுப்பதும் வளைப்பதும் வேண்டாம். முதுகு வலியோடு காலில் மரத்துப்போதலும் சிறுநீரை அடக்க முடியாமையும் இருந்தால் அது அவசர சிகிச்சைக்கான கேஸ். வாடிக்கையாளரிடம் இவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளும் படிவம் இல்லாத வகுப்பில் சேராதீர்கள்.

படிப்பவரின் உடம்பையும் நினைக்க வேண்டும். வகுப்பில் ஒருவர்மேல் ஒருவர் பழகுவார்கள். உங்களுக்கு முழங்கால் கோளாறோ டிஸ்க் விலகலோ இருந்தால், இந்த நீட்டலை என்மேல் செய்ய வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தொழிலில் இறங்கிய பிறகு முதலில் தேய்வது கட்டைவிரல் மூட்டு. உடல் எடையைச் சாய்த்து அழுத்தக் கற்றுத் தராத ஆசிரியரிடம் படித்தால் சில வருடத்தில் விரலே வலிக்கத் தொடங்கிவிடும்.

இனி காகிதம். வலிக்குச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை இந்த இரண்டு வகுப்புகளுமே தராது. பிசியோதெரபி, 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டம் சுகாதாரத் தொழில்முறையினருக்கு எதிர்பார்ப்பது குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு. பதிவு இல்லாமல் பதிவு பெற்றவர்போல் காட்டிக்கொள்வது குற்றம். மூட்டுவலி, முதுகுவலியைத் தீர்க்கும் வேலைதான் உங்கள் ஆசை என்றால் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே பிசியோதெரபிக் கல்லூரி இருக்கிறது. வருடங்கள் அதிகம்தான், ஆனால் அந்த வேலைக்கு நேர்வழி அதுதான்.

ஸ்பா, ஓட்டல், ரிசார்ட் வேலை போதும் என்பவர்கள் ‘ஸ்பா தெரபிஸ்ட்’ என்ற திறன் தகுதியை முதலில் பாருங்கள். அழகு, நலவாழ்வுத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்தது அது. இப்படிப்பட்ட தகுதிகளை ஒழுங்குபடுத்துவது தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில். ஒரு வகுப்பு ‘அரசு அங்கீகாரம்’ என்றால் அங்கீகரித்தது யார், தகுதிக் குறியீடு என்ன, பயிற்சி மையத்தின் எண் என்ன என்று கேட்டு, தேசியத் தகுதிப் பதிவேட்டிலும் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்திலும் தேடுங்கள். நிறுவனத்துக்கு ஐ.எஸ்.ஓ. முத்திரை இருப்பதும், சிறுதொழிலாகப் பதிவு செய்திருப்பதும் பாடத்துக்கான அங்கீகாரம் ஆகாது. வெளிநாட்டுத் தனியார் அமைப்பின் சான்றிதழ் சில ஓட்டல்களில் மதிப்புப் பெறலாம். இந்தியாவில் அது உரிமம் அல்ல.

என்னைக் கேட்டால், ஸ்பா பக்கம் போகிறவர் அடிப்படைத் தகுதியை முடித்துவிட்டுத் தாய் மசாஜைக் கூடுதலாகக் கற்கலாம். ஸ்ட்ரெட்சிங் ஏற்கெனவே ஜிம் பயிற்சியாளராகவோ பிசியோவாகவோ இருப்பவர் கையில்தான் சோறு போடும். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வெறும் ஸ்ட்ரெட்சிங் சான்றிதழை எடுத்துக்கொண்டு சித்தூரில் வேலை தேடும் பிள்ளைக்கு அது உதவும் என்று நான் நம்பவில்லை.

ஏமாந்துவிட்டால்? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொழிற்கல்வி உட்படக் கல்வி தரும் நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிலையங்கள் மட்டும் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொன்னது. எனவே வகுப்பு பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஆனால் இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லிச் சேர்ப்பது வேறு. புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில், அங்கீகாரம் இல்லாமலே மாணவரைச் சேர்த்ததைச் சேவைக் குறைபாடாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் 2009-இல் மாணவர் பக்கம் நின்றது. ஆகவே அந்தப் பொய் வார்த்தை எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள். பாட நேரம், ஆசிரியரின் தகுதி, பணம் திரும்பும் விதி எல்லாம் ரசீதோடு சேர்ந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அது தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; வகுப்பு நடந்தது பெங்களூரிலோ சென்னையிலோ ஆனாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியது தெளிவானால் பாரதிய நியாய சம்ஹிதையின் 318-ஆம் பிரிவில் போலீஸ் புகார். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணைய மோசடி உதவி எண்.

வெளிநாட்டு வேலை என்ற ஆசை காட்டுவது இன்னும் மோசம். தாய் மசாஜ் செய்யும் வேலையைத் தாய்லாந்து தன் குடிமக்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் அங்கே அதைச் செய்ய முடியாது. “படித்து முடித்ததும் பாங்காக்கில் மசாஜ் வேலை” என்பவர் பொய் சொல்கிறார். தாய்லாந்து வேலை என்று அழைத்துப் போய் மியான்மர் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இந்தியர்களில் ஆந்திர, தமிழக இளைஞர்களும் உண்டு. எந்த நாட்டு வேலையானாலும் ஏஜென்ட்டின் பெயரும் உரிம எண்ணும் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்புவோர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்தில் பயிற்சி பெறும் பெண்ணையும் காக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஸ்பாவானாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். வாடிக்கையாளர் எல்லை மீறினால் பாதியில் நிறுத்தி வெளியே வரும் உரிமை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அசல் சான்றிதழையோ ஆதாரையோ முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்கவும் வேண்டாம்: பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அதற்கான எண் 15100.