தண்டுவடக் காயமும் கிராமத்தின் பொறுப்பும்

பனையும் தென்னையும் ஏறுவோர் பிடி தவறி விழுவதும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் இருட்டில் இடறுவதும், கட்டட வேலைச் சாரத்திலிருந்து சரிவதும், தலைச்சுமையோடு வரப்பில் வழுக்கி விழுவதும் நமது கிராமங்களுக்குப் புதியவை அல்ல. இவற்றோடு இப்போது இரு சக்கர வாகன விபத்துகளும் சேர்ந்துகொண்டன. இவ்வாறு அடிபட்டவர்களுள் சிலருக்கு உடலில் ஒரு கீறல்கூட இராது. நினைவும் பேச்சும் தெளிவாகவே இருக்கும். ஆனால் கால் இருப்பதே தெரியவில்லை என்பார்கள். முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம் பழுதுபட்டதற்கு அடையாளம் அதுவே. அந்த நொடி முதல் அவருடைய பிற்கால வாழ்வு மருத்துவர் கையில் மட்டுமன்று, சுற்றி நிற்கும் நமது கையிலும் இருக்கிறது.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அடுக்கிய முள்ளெலும்புகளும், அவற்றின் கீழே ஒன்றாகப் பிணைந்துபோன சில எலும்புகளும் சேர்ந்து ஒரு தூணாக நிற்கின்றன. அத்தூணின் உட்புறத்துள்ள வழியே மூளையின் அடியிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. சுண்டுவிரல் பருமனும் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் உடைய மெல்லிய வடம் அது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. கையையும் காலையும் அசைக்க மூளை இடும் கட்டளை இவ்வழியே கீழே செல்கிறது. சூடு, குளிர், வலி ஆகிய உணர்ச்சிகள் இவ்வழியே மேலே செல்கின்றன. மலமும் சிறுநீரும் அடக்கும் சக்தியும் இதனைச் சார்ந்ததே.

விவசாயிகளுக்கு இதனை வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். தலைமடையில் உடைப்பெடுத்தால் கடைமடை வரை வயல்கள் காய்கின்றன; நடுவில் உடைந்தால் அதற்கு மேலுள்ள வயல்கள் பிழைக்கின்றன. அதுபோலவே கழுத்தில் காயம் பட்டால் கைகால் நான்கும் செயலிழக்கலாம். மேற்கழுத்தாயின் மூச்சும் தடைப்படலாம். மார்புக்கும் இடுப்புக்கும் இடையே பட்டால் கைகள் தப்பும், கால்கள் ஓயும். ஆனால் உவமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. வாய்க்கால் உடைப்பை மண்ணிட்டு அடைக்கலாம். கையில் அறுபட்ட நரம்புகூட மெல்ல வளர்ந்து சேர இடமுண்டு. தண்டுவடத்தில் அறுபட்ட நரம்பிழைகளோ மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. இணையச் செய்யும் மருந்தும் இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை.

எனினும் எல்லாக் காயமும் முழுமையானதன்று. வடத்தின் ஒரு பகுதி மட்டும் நசுங்கி, மற்றது பிழைத்திருப்பதும் உண்டு. ஆசனவாயைச் சுற்றிச் சிறிதளவேனும் உணர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது இதனை அறிவதற்கே. உணர்ச்சி எஞ்சியிருந்தால் முன்னேற்றத்துக்கு நம்பிக்கை அதிகம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விழுந்தபோது ஏற்பட்ட சேதத்தோடு காரியம் முடிவதில்லை. அடுத்த சில மணி நேரத்திலும் சில நாட்களிலும் வீக்கத்தாலும் இரத்த ஓட்டக் குறைவாலும் சேதம் பரவுகிறது. உடைந்த எலும்பு அசைந்து, பிழைத்திருக்கும் இழைகளையும் நசுக்கிவிடலாம். தூக்கும் முறை இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

விழுந்தவரைத் தூக்கும் முறை

ஒருவர் விழுந்ததும் நால்வர் ஓடிவந்து அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்குவதும், உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவதும், ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தோ மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்தியோ கொண்டு செல்வதும் நல்லெண்ணத்தாலேயே நடைபெறுகின்றன. ஆயினும் அந்நல்லெண்ணம் பாதிக் காயத்தை முழுக் காயமாக்கிவிடக்கூடும். மூச்சு சீராக இருந்து, அவ்விடத்தில் வேறு அபாயமும் இல்லையாயின், அவரை இருந்த நிலையிலேயே வைத்துத் தலை அசையாமல் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் 108 எண்ணை அழைக்க வேண்டும். இந்த இலவச ஊர்தி தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கி வருகிறது. அழைக்கும்போது, முதுகில் அடிபட்டிருக்கலாம் என்பதையும் சொல்வது நல்லது. தண்ணீர் கொடுக்கலாகாது, புரையேறலாம், உடனே அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

நெருப்பு, போக்குவரத்து போன்ற அபாயத்தினால் அகற்றியே தீர வேண்டுமாயின் ஐவர் வேண்டும். தலையைப் பிடித்திருப்பவரே தலைவர். அவர் சொல்லுக்கே மற்றவர் இயங்க வேண்டும். தோள், இடுப்பு, தொடை, கால் ஆகியவற்றை நால்வர் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவது போல் உடல் முறுகாமல் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் திருப்பி, பலகையை அடியில் செருக வேண்டும். கதவுப் பலகை போதும். கழுத்தின் இருபுறமும் சுருட்டிய துண்டுகளை அணைகொடுக்கலாம். கிணற்றில் விழுந்தவராயின், முகம் நீருக்கு மேலிருக்கும்படி மல்லாத்தித் தாங்கிக்கொண்டு, பலகை வந்த பின்னரே மேலேற்றுவது உத்தமம். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் மூச்சுக்கே முதலிடம். இடுப்புச் சாவியையும் சட்டைப்பையிலுள்ள கைபேசியையும் எடுத்துவிட வேண்டும். உணர்ச்சியற்ற தோலின் கீழ் அவை சில மணி நேரம் அழுந்தினாலே புண் தோன்றிவிடும்.

மருத்துவமனையில் கழுத்துக்குப் பட்டையிட்டு, இரத்த அழுத்தம் குறையாமல் காத்து, ஊடுகதிர்ப் படங்களும் காந்த அலைப் படங்களும் எடுக்கின்றனர். தேவையாயின் திருகுகளும் கம்பிகளும் பொருத்தி முதுகெலும்பை நிலைப்படுத்தி, வடத்தை நெருக்கும் எலும்பை அகற்றுகின்றனர். இயன்றால் இதனை 24 மணி நேரத்துக்குள் செய்வதே நலம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. அறுவை சிகிச்சை எலும்பைச் சீராக்குகிறது, அழுத்தத்தை நீக்குகிறது. அறுந்த நரம்பை அது ஒட்டுவதில்லை. குடும்பத்தார் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

அறியாமையால் நேரும் நஷ்டம் சிறிதன்று. காயம்பட்டுச் சில வாரங்கள் கழிந்ததும் செயலற்ற கால்கள் தாமாகவே வெட்டியிழுப்பதும் மடங்குவதும் உண்டு. மூளையின் ஆணையின்றித் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானே செய்யும் அசைவு அது. எண்ணெய் தேய்த்தவர் அதனைத் தம் எண்ணெயின் மகிமை என்பார். மந்திரித்தவர் மந்திரத்தின் பலன் என்பார். இக்காலத்தில் குருத்தணு ஊசி என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்போரும் இருக்கின்றனர். இந்நோய்க்கு அதனால் நிச்சயமான பலன் உண்டென்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அதன்பொருட்டு நிலத்தை விற்க எண்ணும் குடும்பத்தைத் தடுத்து நிறுத்துவது, பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடிய பெரிய உபகாரமாகும்.

உயிரைக் கொண்டு செல்வது எது?

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட மருத்துவ ஏடு ஒன்று இக்காயத்தைச் சிகிச்சை செய்யத் தகாத நோய் என்று ஒதுக்குகிறது. முதல் உலக யுத்தக் காலம் வரையிலும் நிலைமை அதிகம் மாறவில்லை. தண்டுவடத்தில் குண்டடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே இறந்தனர். அவர்களைக் கொன்றது தண்டுவடமன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே கொன்றன. இதனை உணர்ந்து செயலில் இறங்கியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்து வந்த அவர், 1944ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். நோயாளிகளைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்தார், சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றினார், தொழிலும் விளையாட்டும் பழக்கினார். 1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே நாளில் அவருடைய நோயாளிகள் 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்து வில்வித்தைப் போட்டி நடத்தினர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு மோட்டார் விபத்தில் இரு கால்களின் செயலையும் இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் நடைபெறும் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் 1975இல் கழுத்துத் தண்டுவடத்தில் காயமுற்றவரே.

வீட்டில் செய்ய வேண்டியவை கடினமல்ல. ஆனால் ஒருநாளும் தவறலாகாது. படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ பிட்டத்தின் அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். தினமும் தோலைப் பார்க்க வேண்டும். எங்கேனும் கன்றிக் கறுத்தோ சிவந்தோ இருந்தால், அது மறையும் வரை அவ்விடத்தில் பாரம் படலாகாது. வெந்நீர் ஒத்தடமும் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் திண்ணையும் அவருக்குத் தெரியாமலே சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் எளிய வழியொன்றை வெளியிட்டார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நாலைந்து மணிக்கொரு முறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை முழுவதும் வடித்துவிட்டு, குழாயை எடுத்துவிடுவதே அம்முறை. பயிற்சி பெற்றால் நோயாளி தாமே செய்துகொள்ளலாம். இதனால் காப்பாற்றப்பட்ட சிறுநீரகங்கள் ஏராளம். கழுத்திலோ மேல்மார்பிலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகவியர்வையும் கண்டால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுநீர் அடைபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அப்போது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். குறையாவிடில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இத்தகையவர் ஒருவர் ஊரிலிருந்தால் அவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகையும், சக்கர நாற்காலியும் பெறுவதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கப் பஞ்சாயத்து துணைநிற்கலாம். நாற்காலி வந்த பின்பு அது போவதற்கு வழியும் வேண்டுமல்லவா? பொதுக் கட்டடங்களில் அவ்வழி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனால் நாம் காணும் சாய்தளங்கள் பல பெயருக்குக் கட்டியவை. அவற்றில் ஏற முயலும் நாற்காலி பின்னுக்கு உருண்டுவிடும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. பஞ்சாயத்து அலுவலகப் படிகள் 2 அடி உயரமாயின் சாய்தளம் 24 அடி நீளம் இருக்க வேண்டும். முன்புறத்தில் அவ்வளவு இடமில்லையாயின், நடுவே நாற்காலி திரும்புவதற்கு 5 அடிச் சதுரச் சமதளம் விட்டு, மடித்துக் கட்டலாம்.