217 கோடி நிலைகளில் ஒரு கசப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்குப் பேர்போன காடு. மூலிகை தெரிந்த பளியர்கள் வாழும் இடம். இப்படிப்பட்ட காடுகளின் பச்சிலைகளைக் கணினிக்குப் புரியவைக்க முடியுமா? சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் அரிஜித் சமல் குழுவினர் அதற்கு வழி செய்திருக்கிறார்கள். 2018-இல் வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய ‘இம்பேட்’ தரவுத்தளத்தில் 4,010 இந்திய மூலிகைகளும் அவற்றின் 17,967 வேதிப்பொருள்களும் உள்ளன. எது இலையில், எது வேரில் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. நாட்டு வைத்தியரும் செடியின் பெயரோடு நிறுத்துவதில்லை. பட்டையா, வேரா என்று சேர்த்தே சொல்வார். அந்த நுணுக்கம் கணினிக்கும் வந்திருப்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது.

அந்த மூலிகைகளில் ஒன்று நிலவேம்பு. அதன் இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்கும். அதற்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். மொத்தமே 55 அணுக்கள்.

பெரும்பாலான மருந்துகள் உடலிலுள்ள ஏதாவது ஒரு புரதத்தின் குழிக்குள் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன. இந்த 55 அணுக்கள் ஒரு குழியில் எப்படி உட்காரும் என்று கணினியில் தேடுவதுதான் ‘டாக்கிங்’, அதாவது மூலக்கூறுப் பொருத்தம். ஆண்ட்ரோகிராஃபோலைடில் தாராளமாகத் திரும்பும் பிணைப்புகள் மூன்று. மூலக்கூறு முழுவதும் மூன்று அச்சுகளில் சுழலும். ஒவ்வொன்றையும் 10 பாகையாகத் திருப்பினால் 36 நிலைகள். 36-ஐ ஆறு முறை பெருக்கினால் சுமார் 217 கோடி! விநாடிக்கு ஒன்றாகப் பார்த்தால் 69 ஆண்டுகள் பிடிக்கும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துவதை இன்னும் சேர்க்கவே இல்லை.

இத்தனையையும் கணினி பார்ப்பதில்லை. சில நூறு நிலைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து மதிப்பெண் போடுகிறது. தேறியவை தங்கள் கோணங்களைக் கலந்து ‘பிள்ளை’ நிலைகளைப் பெறுகின்றன; அங்கங்கே சிறு மாற்றமும் புகுத்தப்படுகிறது. தலைமுறைகள் ஓட ஓடப் பொருத்தம் கூடுகிறது. இதற்கு மரபணுப் படிமுறை (genetic algorithm) என்று பெயர். காடு உயிர்களை வளர்த்த முறையையே விடை வளர்க்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, புரதத்தின் வடிவம்? அங்கேயும் சென்னைக்குப் பங்குண்டு. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பும் கோணங்கள் இரண்டு. அவற்றில் எந்தெந்த இணைகளில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வரைபடமாக்கிக் காட்டினார்கள். பெரும்பாலான இணைகள் நடக்கவே முடியாதவை! 2024 நோபல் பரிசுக்குக் காரணமான ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணிக்கும் புரத வடிவங்களையும் இன்று அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

டாக்கிங்கின் பெரிய சிக்கல் தண்ணீர். குழிக்குள் ஏற்கெனவே நிற்கும் நீர் மூலக்கூறுகளை விலக்கிவிட்டுத்தான் மருந்து உட்கார வேண்டும். அதற்காகும் ஆற்றலைக் கணக்கிடுவது மிகக் கடினம். மோலுக்கு 1.4 கிலோகலோரி பிசகினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். ஆகவே கணினி தருவது மருந்து அல்ல, வரிசை: ஆயிரக்கணக்கான பொருள்களில் எதை முதலில் சோதனைக்குழாயில் போட்டுப் பார்க்கலாம் என்ற வரிசை.