மீன் தொட்டிக்குள் பிளாஸ்டிக் ஜவ்வரிசி!

முதலில் ஒரு கேள்வி. ஒரு தொட்டித் தண்ணீரில் சத்து அதிகமாகிவிட்டது. அதைக் குறைக்க என்ன செய்வீர்கள்? "தண்ணிய மாத்துவோம்" என்பீர்கள். சரிதான். ஆனால் ஆவடியில் இருக்கும் என் மாமா, சத்தைக் குறைப்பதற்காகத் தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டார். அதுவும் பிளாஸ்டிக் சாப்பாடு! கேட்டவுடன் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாமாவிடம் இருப்பது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனவர்கள் கப்பி, மோலி, கோல்டு பிஷ், பைட்டர் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அவை நன்னீர் மீன்கள். கடல் மீன் வேறு சமாச்சாரம். ஆவடியில் கடலுக்கு எங்கே போவது? ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைப் போட்டு, வீட்டிலேயே கடல் தயார் செய்கிறார். (சமையல் உப்பைப் போட்டால் கதை முடிந்தது. அதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கடலில் இருக்கும் அளவில் இருக்காது.) உள்ளே ஓட்டை ஓட்டையான பாறைகள், ஒரு கடல் சாமந்தி, இரண்டு கோமாளி மீன்கள் (படத்தில் வருமே நீமோ, அதுதான்), ஒரு நீல டேம்சல்.

பவளம் கிடையாது. நம் நாட்டில் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே பட்டியல்! வெளிநாடுகளில் பவளத்தையே தொட்டியில் வளர்க்கிறார்கள். மாமா போட்ட 'பயோபெல்லட்' அவர்களுக்காக வந்த சரக்குதான். துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க அப்படியே ஜவ்வரிசி.

சரி, விஷயத்துக்கு வருவோம். மீனுக்குத் தீனி போடுகிறோம். மீன் கழிவு விடுகிறது, மிச்சத் தீனி அழுகுகிறது. அதிலிருந்து அம்மோனியா வருகிறது. இது மீனுக்கு விஷம். பாறையில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை, ஆனால் தானாகப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். கூடவே தீனியிலிருந்து பாஸ்பேட். இரண்டும் சேர்ந்தால் அது உரம். ஏரியில் கழிவுநீர் கலந்தால் ஆகாயத்தாமரை எப்படி மூடிக்கொள்கிறது? தொட்டியில் அந்த வேலையைப் பாசி செய்கிறது. மாமா டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது நைட்ரேட் 80 பி.பி.எம். பாறையெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது. பவளப்பாறைக் கடலில் இந்தச் சத்துகள் மிக மிகக் குறைவு. அதனால்தான் அந்தத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது.

இப்போ பெல்லட் எதுக்கு? பாக்டீரியா பெருக கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். தொட்டியில் பின் இரண்டும் ஏராளம். ஆனால் பாக்டீரியா தின்னக்கூடிய கார்பன் இல்லை. கல்யாண வீட்டில் அண்டா நிறைய சாம்பார் இருக்கு, சோறு மட்டும் இல்லை என்றால் எப்படி? சாம்பார் அப்படியே கிடக்கும். சோற்றைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், சாம்பாரும் காலி! பெல்லட்தான் அந்தச் சோறு. பாக்டீரியா அதைத் தின்னும்போது தண்ணீரில் உள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது.

இந்தப் பிளாஸ்டிக் நம்ம கேரி பேக் மாதிரி இல்லை. பாலிஹைட்ராக்ஸி அல்கனோயேட் என்று பெயர் (வாயில் நுழையாது, எழுதிப் பாருங்கள்). நாம் கொழுப்பைச் சேர்த்து வைப்பது போல, பாக்டீரியாக்கள் தங்கள் உடம்புக்குள் சேர்த்து வைக்கும் பொருள் இது. 1926-ல் பிரான்சில் மாரிஸ் லெமோன் என்ற விஞ்ஞானி இந்த வகையில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இதுக்குச் சர்க்கரையே போடலாமே மாமா?" என்று கேட்டேன். போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். இறால் பண்ணைகளில் மொலாசஸ் எனும் வெல்லப்பாகைக் கலந்து, இதே முறையில்தான் அம்மோனியாவைக் குறைக்கிறார்கள். அதற்கு பயோபிளாக் என்று பெயர். ஆனால் சர்க்கரை உடனே கரைந்துவிடும். ஒரு கரண்டி கூடினால் பாக்டீரியா திடீரென்று பெருகி, ஆக்சிஜன் முழுவதையும் இழுத்துவிடும். பெல்லட் கரையாது. மேல்பரப்பை மட்டும் பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மாதக் கணக்கில் வரும்.

சும்மா தொட்டியில் கொட்டவும் கூடாது. ரியாக்டர் என்று ஒரு கண்ணாடி மாதிரியான குழாய். அடியிலிருந்து மோட்டார் தண்ணீரைத் தள்ளும். உலையில் அரிசி புரள்வது போல பெல்லட் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒட்டிக் கட்டியாகிவிடும். உரசலில் பாக்டீரியாப் படலம் உதிர்ந்து வெளியே வரும். அதை ஸ்கிம்மர் என்ற கருவி குமிழி விட்டு நுரையாக்கி, தனிக் கோப்பையில் தள்ளிவிடும். 2019-ல் மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை நுரை ஒதுங்கியதை டிவியில் பார்த்தோமே, அதைப் போலத்தான் இருக்கும். ஆனால் பழுப்பு நிறம், நாற்றமும் ஜாஸ்தி. இந்த நுரையை வெளியே எடுத்தால்தான் சத்து வெளியே போனதாக அர்த்தம். ஸ்கிம்மர் இல்லாமல் பெல்லட் போடுவது, வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போல.

மாமா முதலில் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்குதான் போட்டார். சத்து ஒரேயடியாகக் குறைந்தாலும் ஆபத்து. கடல் சாமந்திக்கும் பவளத்துக்கும் உள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவைதான் சமையல்காரர்கள். அவை பட்டினி கிடந்தால் வீட்டுக்காரரும் வெளுத்துப் போவார். ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறாவது வாரம் நைட்ரேட் 20.

அப்புறம்தான் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அம்பத்தூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாமா வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை வைத்து மாமா மீன்களைக் காப்பாற்றி வைத்திருந்தார். "டேய், அந்த ரியாக்டர் பிளக்கைப் பிடுங்கி வச்சிடுடா" என்று என்னிடம் சொன்னார். "சரி மாமா" என்றேன். மறந்துவிட்டேன்.

நின்றுபோன குழாய்க்குள் பாக்டீரியா சும்மா இருக்காது. இருக்கிற ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் கடல்நீரில் இருக்கும் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு விடும். அழுகிய முட்டை நாற்றம், கொடிய விஷம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் தானாக ஓடி, குழாயில் இருந்ததை எல்லாம் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. காலையில் "என்னடா நாத்தம்?" என்று மாமா எழுந்து வந்தபோது டேம்சலும் ஒரு கோமாளி மீனும் மிதந்தன. மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆக்சிஜன் போனால் பெரிய கடலும் தாங்காது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் நொக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகித் தண்ணீரே பச்சையானது. ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் பாதிக்கப்பட்டன.

இப்போது ரியாக்டருக்குத் தனி சுவிட்ச். கரண்ட் போனால் முதலில் அதை அணைக்க வேண்டும். வந்த பிறகு குழாய்த் தண்ணீரை ஒரு பக்கெட்டில் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும். அந்த வேலை என்னுடையது. கடல் சாமந்தி ஒரு வாரம் சுருங்கிக் கிடந்து பிறகு விரிந்தது. நைட்ரேட் இப்போ 10. பாஸ்பேட் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. காரணம் உண்டு: கடலின் நுண்ணுயிர்களில் 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற கணக்கு இருப்பதை ரெட்பீல்டு என்ற விஞ்ஞானி எழுதினார். 16 நைட்ரஜன் போனால்தான் 1 பாஸ்பரஸ் போகும். அதனால் இரும்பு ஆக்சைடு துகள், அதாவது துருவின் சொந்தக்காரன், அதைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மாமா அந்த நைட்ரேட் டெஸ்ட் கிட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். கெமிஸ்ட்ரி சார் அனுமதியோடு வரும் சனிக்கிழமை லேபில் வைக்கிறேன். உங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து, பெயரும் தெருவும் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். கலர் மாறுகிறதா பார்ப்போம்.

- பதினோராம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு